நரம்பை அளந்த துறவி

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

விரலால் மீட்டும் நரம்புக் கருவிகளில் நல்லது எது? அதை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? கிதார் வாங்கப் புறப்படும் இளைஞர் பலரும் இன்று இக்கேள்வியைக் கேட்கின்றனர். விரல்களால் நரம்பை மீட்டிக்கொண்டே அதே கையால் கிதாரின் பெட்டியைத் தட்டித் தாளமும் காட்டுகின்ற புதிய முறை, இப்பொழுது மாணவர் விடுதிகள் வரையிலும் வந்துவிட்டது. ஒரே ஆள் பாணனாகவும் முழவனாகவும் ஆகிவிடும் அந்த வித்தையைக் கண்டு மயங்காதார் இல்லை. அதற்கு எந்த மரம் ஏற்றது, எந்த நரம்பு ஏற்றது என்று கடைக்குக் கடை அலைகின்றனர்.

நண்பர்களே, இந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. எந்த மரத்தில் கருவி செய்யலாம், எந்த மரம் ஆகாது, நரம்பில் என்னென்ன குற்றம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் நம் முன்னோர் ஆராய்ந்து ஏட்டில் எழுதி வைத்தனர். ஏடு பிழைத்தது; கருவிதான் பிழைக்கவில்லை. யாழ் என்ற அந்தக் கருவியைக் கண்ணால் கண்டவர், காதால் கேட்டவர் ஒருவரும் இல்லாத காலம் ஒன்று வந்தது. அக்காலத்தில் ஒரு பி.எஸ்ஸி. பட்டதாரி, காவி உடுத்த துறவி, தமிழ்ப் பேராசிரியர் முன்வந்தார். இம்மூவரும் ஒருவரே. அவர் நரம்பின் நீளத்தை அளந்து, எண்ணைப் பெருக்கி வகுத்து, இறந்துபோன யாழுக்கு மீண்டும் உருவம் கொடுத்தார். அவர்தாம் விபுலானந்த அடிகள். நம் கடலூருக்குத் தெற்கே பேருந்தில் ஒன்றரை மணி நேரத்திற்குள் போய்ச் சேரக்கூடிய சிதம்பரத்தில் அவர் பேராசிரியராக இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறப்பும் படிப்பும்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நாட்டில் காரைதீவு என்றோர் ஊர். அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாக அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். அதே 1892ஆம் ஆண்டில்தான் டாக்டர் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். பின்னாளில் அந்த நூலின் ஒரு பகுதிக்குத் தம் வாழ்வையே விரிவுரையாக்கப் போகின்ற குழந்தையும் அந்த நூலின் அச்சுப் பிரதியும் ஓராண்டில் பிறந்தன என்பது நினைக்க இனிமை தருகிறது.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பள்ளிக் கல்வி பெற்ற மயில்வாகனம், இளமையிலேயே ஆசிரியரானார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் அறிவியல் டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். ஒரு கையில் அறிவியல், மறு கையில் தமிழ். பகலில் பாடம் சொல்லிக் கொடுத்து, இரவில் தாமே படித்து, சில ஆண்டுகளில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் சம்பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகவும், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியராகவும் பணிபுரிந்தார்.

இவ்வளவு படிப்பும் இவ்வளவு பதவியும் பெற்றவர் வேறு என்ன நாடுவார்? வீடு நாடுவார், நிலம் நாடுவார், பெண் பார்ப்பார் என்று உற்றார் எண்ணியிருப்பர். அவரோ 1922இல் கடல் கடந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். மடத்தின் தமிழ் இதழாகிய இராமகிருஷ்ண விஜயத்திற்கும், ஆங்கில இதழாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராக இருந்தார். பின் இலங்கைக்குத் திரும்பி, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் மடத்தின் சார்பில் பள்ளிகளைக் கட்டி வளர்த்தார். கல்லடி உப்போடையில் இன்றும் விளங்கும் சிவானந்த வித்தியாலயம் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதற்கிடையே 1926இல் மதங்கசூளாமணி என்னும் நாடக இலக்கண ஆராய்ச்சி நூலையும் எழுதினார். சேக்சுபியரின் நாடகங்களையும் நம் பழைய நாடக இலக்கணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த நூல் அது.

தில்லையில் இரண்டாண்டு

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் இசையிலும் தமிழிலும் பற்று மிக்கவர். பல்கலைக்கழகத்தோடு ஓர் இசைக் கல்லூரியும் அமைந்தது. அங்கே தமிழ்ப் பேராசிரியராக 1931இல் அடிகளார் வந்து சேர்ந்தார். 1933 வரையே அவர் அங்கிருந்தார். ஆண்டுகள் இரண்டுதாம், ஆயின் யாழ்நூலுக்கு வித்து விழுந்தது அந்த இரண்டாண்டில்தான்.

அப்பொழுது பாரதியார் மறைந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. பாரதியின் பாட்டைப் புலவர் பலர் இலக்கியமாகவே எண்ணாத நாள் அது. அடிகளார் அவற்றை மாணவரிடையே பரப்பினார். மாலை வேளைகளில் பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று, அங்கிருந்த எளிய மக்களுக்குக் கல்வி புகட்டினார். பேராசிரியர் ஒருவர் சேரிக்குச் செல்வது அந்நாளில் எளிய செயலன்று. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆகையால், அவருடைய நூலறிவைப் படித்து வியந்த எனக்கு, அந்த மாலை நேரத்து நடையே அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

பல்கலைக்கழக வகுப்பில் அடிகளார் சிலப்பதிகாரம் நடத்தினார். அதில் அரங்கேற்று காதை என்றொரு பகுதி. மாதவி அரங்கேறும்போது அவளுக்குத் துணை நின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவரின் தகுதிகளையும் இளங்கோவடிகள் அங்கே கூறுகிறார். யாழாசிரியன் பகுதி வந்ததும் படிப்பவர் எல்லோரும் தயங்கி நின்றனர். நரம்புகளைக் கட்டும் முறை, ஒரு பாலையிலிருந்து வேறு பாலையைப் பிறப்பிக்கும் முறை எல்லாம் அங்கே உண்டு. உரை உண்டு, உரைக்குப் பொருள் சொல்லக் கருவிதான் இல்லை. சமையலே நின்றுபோன வீட்டில் சமையற் குறிப்பு மட்டும் கிடைத்தாற்போன்ற நிலை. சொல்லை மாத்திரம் விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கலாம். அடிகளார் போகவில்லை. அந்தச் சில அடிகளோடு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்.

அளவுகோலும் ஏடும்

அடிகளார் கையாண்ட முறை அறிவியல் மாணவராகிய நாம் ஊன்றிப் பார்க்கத் தக்கது.

முதலில் அவர் சொற்களைத் திரட்டினார். பொருநராற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை முதலிய பாட்டுகளில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. ஒலியைப் பெருக்கும் வயிறு பத்தர்; அதன்மேல் இழுத்துத் தைத்த தோல் போர்வை; வளைந்து எழும் தண்டு கோடு; நரம்பை இறுக்கிப் பிடிக்கும் வார்க்கட்டு திவவு. காட்டிலே மாடு மேய்க்கும் இடையன் குமிழமரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கிக் கட்டிக்கொண்ட எளிய வில்யாழும் பழம்பாட்டில் வருகிறது. வேட்டுவன் வில்லின் நாண் ஒலியிலிருந்தே யாழ் பிறந்தது என்று எண்ண இடமிருக்கிறது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர் கணக்கும் தந்துள்ளனர்.

அடுத்து உருவங்களைத் தேடினார். பழைய சிற்பங்களில் வில்போல் வளைந்த நரம்புக் கருவிகள் காணப்படுகின்றன. மெசொப்பொத்தாமியாவில் ஊர் என்னும் பழம்பதியை 1920களில் அகழ்ந்தபோது நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய யாழ் வகைகள் வெளிப்பட்டன. பர்மாவில் இத்தகைய வளைந்த யாழ் இன்றும் வாசிக்கப்படுகிறது. படகு போன்ற அதன் வயிற்றின் மேல் மான் தோல் போர்த்தியிருக்கும். ஆகவே யாழ் என்பது வீணையைப் போல மெட்டு வைத்த கருவியன்று, நரம்புக்கு ஒரு சுரமாக நிறுத்தி மீட்டும் கருவி என்று அடிகளார் கொண்டார்.

மூன்றாவதாக எண்ணை எடுத்தார். இங்கேதான் அவர் பயின்ற அறிவியல் கைகொடுத்தது. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுரமானி என்றொரு பெட்டி இருக்கிறது. மரப்பெட்டியின் மேல் ஒரு கம்பி. கம்பியின் முனையில் எடைக் கற்கள். இடையில் நகர்த்தக்கூடிய இரு கட்டைகள். கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பாகும். இழுவிசை நான்கு மடங்கானாலும் அதிர்வெண் இரட்டிப்பாகும். கம்பி கனத்தால் அதிர்வெண் குறையும். முதலாண்டு மாணவரும் அறிந்த விதிகள் இவை. 90 சென்டிமீட்டர் நீளமுள்ள நரம்பு குரல் என்னும் சுரத்தைத் தருமானால், அதே நரம்பின் 67.5 சென்டிமீட்டர் உழையையும், 60 சென்டிமீட்டர் இளியையும், 45 சென்டிமீட்டர் மேற்குரலையும் தரும். இன்றைய வழக்கில் சட்சம், மத்திமம், பஞ்சமம், மேற்சட்சம் என்பவை இவையே.

குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என ஏழு சுரங்களுக்கு 22 அலகுகளைப் பழைய நூல்கள் வகுத்திருந்தன. வெறும் மந்திரம்போல் தோன்றிய இந்த எண்களை அடிகளார் நரம்பின் நீள அளவுகளாக மாற்றிக் கணக்கிட்டார். இளியிலிருந்து இளிக்குத் தாவிச் செல்லும் முறையால் சுரங்கள் பிறப்பதையும், தொடக்க நரம்பை மாற்றினால் பாலைகள் திரிவதையும் கணக்கினால் காட்டினார். அவருக்கு முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டு, சுருதி 24 என்று நாட்டியிருந்தார். அடிகளார் 22 என்ற வழியில் நின்றார். இருவர் முடிவும் வேறு. ஆயினும் இருவரும் தமிழிசையை எண்ணால் அளந்து பார்க்கத் துணிந்தவர்கள்.

நல்ல யாழ் எது?

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். நல்ல கருவியை எப்படித் தேர்வது?

சீவகசிந்தாமணியில் ஓர் அழகிய நிகழ்ச்சி உண்டு. காந்தருவதத்தையை யாழில் வெல்பவனே அவளை மணக்கலாம் என்ற போட்டி. சீவகன் வருகிறான். அவனிடம் யாழ்களைக் கொண்டுவந்து தருகிறார்கள். அவன் உடனே வாசித்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் பார்க்கிறான், தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று நைந்தது. ஒன்று தீயில் வெந்தது. ஒன்று இடி விழுந்த மரத்தில் செய்தது. இப்படிக் குற்றம் கண்டு, பின் நரம்பையும் பார்த்து, அதில் மயிர் கலந்திருப்பதை எடுத்துக் காட்டுகிறான். போட்டியில் அவன் பாதி வென்றது இங்கேயே என்று சொல்லத் தோன்றுகிறது. அடிகளார் யாழ்நூலில் யாழுறுப்பியல் என்று ஓர் இயலே வகுத்து, உறுப்புகளைத் தனித்தனியே ஆராய்ந்ததன் காரணமும் இதுவே. உறுப்பை அறியாமல் ஒலியை அறிய முடியாது.

இந்தச் சோதனை இன்றைய கிதாருக்கும் பொருந்துகிறது. தட்டியும் மீட்டியும் வாசிப்பவருக்குப் பெட்டியின் மேற்பலகை உயிர் போன்றது. ஸ்புரூஸ் அல்லது சீடர் மரத்தின் ஒற்றைப் பலகையானால் மெல்லிய தொடுகைக்கும் விடை சொல்லும். ஒட்டுப் பலகை உறுதியாக இருக்கும், ஆனால் ஒலி சற்று அடங்கியே வரும். பலகை மிக மெல்லியதானால் நாள்தோறும் தட்டும் தட்டைத் தாங்காது. நரம்புகளுக்கிடையே விரல் நுழைய இடம் வேண்டும். ஆகவே கழுத்தின் தலைப்பகுதி ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் அகலமிருப்பதை இவ்வகை வாசிப்பாளர் பலர் விரும்புகின்றனர். இறுக்கம் குறைந்த மெல்லிய நரம்பு விரலுக்கு எளிது. ஆனால் சுருதியை இறக்கிக் கட்டுபவர் சற்றுக் கனத்த நரம்பை நாடுவர். பெட்டியின் எந்த இடத்தில் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும், எந்த இடத்தில் கஞ்சிரைபோல் ஒலிக்கும் என்று வாங்குமுன்பே தட்டிப் பார்க்க வேண்டும். விலைச் சீட்டைப் பார்ப்பது அதற்குப் பின்புதான்.

இவற்றை யாழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாழின் பத்தர் மீது போர்த்தியது தோல். முழவின் மீது போர்த்தியதும் தோலே. ஆகவே ஒலி பிறக்கும் முறையில் யாழ் பாதி முழவாகவே இருந்தது. பாட்டுக்குத் தக்கபடி கிதாரின் நரம்புச் சுருதிகளை மாற்றிக் கட்டுவதைப் போல, பாலை திரியும்போது யாழின் நரம்புகளையும் மாற்றி அமைத்தனர். நம் வீணையிலும் மீட்டும் நரம்பு நான்கோடு, பக்கத்தில் சுண்டுவிரலால் மீட்டித் தாளம் காட்டும் நரம்பு மூன்று இருக்கின்றன. ஒரே கையில் பண்ணும் தாளமும் பிறப்பது நமக்கு அயலான கலையன்று.

வேறுபாடும் உண்டு. கிதாரின் மெட்டுகள் பன்னிரண்டு சம இடைவெளிகளாக உலோகத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டவை. அதன் பஞ்சமம் சரியாக ஒன்றரை மடங்கு அன்று, 1.498 மடங்கு. வீணையின் மெட்டுகளை மெழுகின் மேல் வைப்பதால் காதுக்கு ஒத்தபடி அவற்றை நகர்த்தி அமைக்கலாம். யாழுக்கோ மெட்டே இல்லை. நரம்பைத் திருகியே சுரத்தை நிறுத்த வேண்டும். எந்தப் பாட்டை வாசிக்கப் போகிறோம் என்பது தெரியாமல் எந்தக் கருவி உயர்ந்தது என்று கேட்பதில் பயனில்லை.

மரத்தைப் பற்றி ஒரு சொல். தஞ்சாவூர் வீணைக்கு வேண்டிய பலா மரம் நம் மாவட்டத்துப் பண்ருட்டிப் பகுதியிலிருந்து செல்கிறது. பலாப்பழத்திற்குப் பேர்போன ஊர் பாட்டுக்கும் மரம் கொடுக்கிறது. என் தந்தையார் பண்ருட்டிப் பக்கத்து மரவாடி ஒன்றில் வேலை செய்பவர். அறுத்த கட்டையை விரல் முட்டியால் தட்டி, இது வைரம் பாய்ந்தது, இது உள்ளே ஈரம், இதில் பிளவு ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது அறுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். வெளிநாட்டில் கிதார் செய்யும் கைவினைஞரும் பலகையை இவ்வாறே தட்டிக் கேட்டுச் சீவுகின்றனர் என்று படித்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணைப் பேச்சு ஒரு கலை என்று எனக்கு விளங்கியது. ஆனால் தந்தையார் அறிந்ததை எந்த நூலிலும் யாரும் எழுதவில்லை.

எருக்கத்தம்புலியூரும் யாழ்மூரியும்

யாழோடு நம் மாவட்டத்திற்கு வேறோர் உறவும் இருக்கிறது. அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூரில் பிறந்தவர். இன்று அவ்வூருக்கு இராசேந்திரப்பட்டினம் என்று பெயர். திருஞானசம்பந்தர் ஊர்தோறும் பாட, பாணர் அப்பாட்டை யாழிலிட்டு வாசித்து வந்தார்.

பாணர் யாழில் வாசிப்பதாலேதான் பாடல் சிறக்கிறது என்று அவருடைய சுற்றத்தார் பேசினர். அது கேட்டு வருந்திய பாணர், யாழில் அடங்காத பாட்டொன்றைப் பாட வேண்டுமென்று சம்பந்தரை வேண்டினார். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் சம்பந்தர் அவ்வாறே ஒரு பதிகம் பாடினார். பாணரால் அதை யாழில் இட முடியவில்லை. யாழை உடைக்கவே அவர் ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார் என்று பெரியபுராணம் கூறும். அதனால் அப்பதிகத்திற்கு யாழ்மூரி என்று பெயர் வழங்குகிறது.

அடியார்க்கு இது பக்திக் கதை. இயற்பியல் மாணவனுக்கு இதில் வேறு பொருளும் தெரிகிறது. குரல் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும். இடையிலே நின்று அசையும். நரம்புக்கு ஒரு சுரம் என்று நிறுத்திய யாழில் அது எளிதன்று. காலப்போக்கில் நம் இசையில் கமகம் பெருகப் பெருக, நரம்பை மெட்டின் மேல் இழுத்து அசைக்கத்தக்க வீணை முன்னுக்கு வந்தது. யாழ் பின்னுக்குப் போனது. பாட்டு மாறும்போது கருவியும் மாறுவது இயற்கை. பழையது எப்படியிருந்தது என்ற குறிப்பும் கூடவே அழிந்ததுதான் நமக்கு நேர்ந்த இழப்பு.

தில்லையில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டபின், அவற்றின் பண்களை வகுக்க ஆள் தேடியபோது, எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரே தில்லைக்கு வந்து பண் அடைவை அமைத்துக் கொடுத்தார் என்று திருமுறை கண்ட புராணம் சொல்லுகிறது. நூல் செய்யாத அறிவு ஒரு பெண்ணின் நெஞ்சில் தங்கியிருந்தது. அவர் இல்லாவிடில் தேவாரப் பண்முறை என்னவாகியிருக்கும்? அடிகளார் தம் நூலில் தேவாரவியல் என்று ஓர் இயலை வைத்துத் தேவாரப் பண்களை ஆராய்ந்ததும் தில்லை மண்ணின் இந்தத் தொடர்ச்சி என்றே கருதலாம்.

அரங்கேற்றமும் மறைவும்

சிதம்பரத்தை விட்டபின்னும் அடிகளாரை யாழ் விடவில்லை. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரத என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தபோதும் ஆராய்ச்சி நடந்தது. தமிழில் அறிவியல் கலைச்சொற்களை ஆக்கும் பணியிலும் முன்னின்று உழைத்தார். இன்று நாம் தமிழ்வழியில் இயற்பியலும் வேதியியலும் படிக்க முடிகிறதென்றால், அதற்கு வழி வெட்டியவர்களுள் அடிகளாரும் ஒருவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழு இயல்களோடு யாழ்நூல் முற்றுப்பெற்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக, 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5, 6 நாள்களில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அடிகளாரின் ஆராய்ச்சி வழியே செய்யப்பட்ட கருவிகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். இசையறிஞர் க. பொ. சிவானந்தம் பிள்ளை அவற்றை மீட்டிக் காட்டினார். ஏட்டில் மட்டும் இருந்த நரம்பு காதில் ஒலித்த நாள் அது.

அடிகளார் அப்பொழுதே உடல் தளர்ந்திருந்தார். அரங்கேற்றம் முடிந்து இலங்கை திரும்பியவர், ஆறே வாரத்தில், 1947 ஜூலை 19 அன்று கொழும்பில் மறைந்தார். வயது 55. கல்லடி உப்போடையில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே அவருடைய சமாதி அமைந்துள்ளது.

அடிகளார் முடிவுகளை எல்லோரும் ஏற்றனர் என்று சொல்ல முடியாது. 1950இல் வரகுணபாண்டியன் பாணர் கைவழி என்னும் நூலை எழுதி, யாழும் வீணையும் ஒன்றே என்று வாதிட்டார். வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதனால் அடிகளாரின் பெருமை குறைவதில்லை. அளவு சொன்னவரைத்தான் மறுக்க முடியும். அளவே சொல்லாமல் யாழ் இனியது, தெய்விகமானது என்று புகழ்ந்துகொண்டே இருந்தவர்களை மறுக்கவும் வழியில்லை. அவர்களால் ஒரு நரம்பைக் கட்டவும் வழியில்லை.

நாம் செய்யத்தக்கது

அறிவியல் படிப்பவனுக்குத் தமிழ் எதற்கு, தமிழ் படிப்பவனுக்கு அறிவியல் எதற்கு என்ற பேச்சு நம் கல்லூரிகளில் இன்றும் கேட்கிறது. அடிகளாரின் வாழ்வு அதற்கு விடை. பி.எஸ்ஸி. படித்திராவிட்டால் அவரால் நரம்பை அளந்திருக்க முடியாது. பண்டிதராகியிராவிட்டால் எதை அளப்பது என்று தெரிந்திருக்காது.

நம்மில் பலர் உழவர் வீட்டிலிருந்தும், மீனவர் வீட்டிலிருந்தும், நெசவாளர் வீட்டிலிருந்தும், கூலி வேலை செய்வோர் வீட்டிலிருந்தும் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் காற்றைப் பார்த்தே கடலைச் சொல்பவர் உண்டு. மண்ணை நுகர்ந்தே பதம் சொல்பவர் உண்டு. பறையின் தோலைத் தீயில் காய்ச்சி, எவ்வளவு காய்ந்தால் எந்த ஒலி வரும் என்று அறிந்தவர் உண்டு. அவர்களுடைய அறிவு கையோடு இருக்கிறது. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். அரசவையிலும் கோயிலிலும் போற்றப்பட்ட யாழுக்கே அந்தக் கதி நேர்ந்ததென்றால், மரவாடித் தொழிலாளியின் கைப்பழக்கத்திற்கு யார் பொறுப்பு?

படித்த பிள்ளைகளாகிய நாம்தாம் பொறுப்பு. இன்று கைபேசியைக் கொண்டே ஓர் ஒலியின் அதிர்வெண்ணைக் கண்டறியலாம். இந்தக் கோடை விடுமுறையில் பண்ருட்டி மரவாடியில் பலாக் கட்டைகளைத் தந்தையார் தட்டத் தட்ட, ஒவ்வொன்றின் அதிர்வெண்ணையும் ஈரத்தையும் எடையையும் குறித்து ஓர் அட்டவணை எழுத எண்ணியிருக்கிறேன். நண்பர்களே, நீங்களும் உங்கள் வீட்டுத் தொழிலில் ஏதேனும் ஒன்றை அளந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலேயே எழுதி வையுங்கள். யாழ்நூல் தந்த துறவிக்கு நாம் செய்யும் வணக்கம் அதுவாக இருக்கட்டும்.